பூட்டிக் கிடந்த விடுதி: லாங்டாங் பள்ளத்தாக்கில் கூட்டமில்லாத ஒரு மலைநடை

நேபாளத்தில் விடுதி விட்டு விடுதி தங்கி நடக்கும் ஒரு பயணத்தை, கூட்டத்தைத் தவிர்ப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு திட்டமிட்டதன் பதிவு இது. திட்டமிட்டவன் நான்; கூடவே நடந்தவனும் நான். மற்றவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் ஆண்டையும் விட்டிருக்கிறேன்.

பின்னணி

மூன்று பேர். கணவருக்கு 61 வயது, வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 58, பள்ளி ஆசிரியை. மூன்றாமவர் மனைவியின் தம்பி; 46 வயது, தினமும் விடியற்காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவர். கோயம்புத்தூர்க்காரர்கள் என்பதால் வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் அவர்களுக்குப் பழக்கம். கால் பலத்தில் குறையே இல்லை. ஆனால் அதுவரை அவர்கள் நின்ற மிக உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். அங்கேயும் காரில் போய் இறங்கி, அரை மணி நேரம் குளிரில் நின்றுவிட்டுத் திரும்பியதுதான். ஊட்டியைவிட உயரமான இடத்தில் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை.

ஜூன் மாதம் என்னிடம் வந்தபோது கையில் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள்: அக்டோபரில், 12 நாளில், எவரெஸ்ட் அடிவார முகாம். கூடவே கணவர் ஒரு நிபந்தனையும் சொன்னார்: "எங்கேயும் வரிசையில் நிற்கக் கூடாது. அமைதியாக இருக்க வேண்டும்." இந்த இரண்டும் ஒன்றாகப் போகாது. அக்டோபரில் அந்தப் பாதையில் காலையில் ஹெலிகாப்டர் இரைச்சல், தொங்குபாலத்தின் முன்னால் சுமை மாடுகளுக்காகக் காத்திருப்பு, நடை தொடங்கும் லுக்லாவுக்குப் பறக்கும் விமானத்துக்கு வானிலை பார்த்துத் தவம் என்று எல்லாமே வரிசைதான். அதோடு கடைசித் தங்கல் இடமான கோரக்‌ஷேப்பில் 5,100 மீட்டருக்கு மேல் படுத்து எழ வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு 12 நாளில் அது கடினம்.

அமைதி என்று எதைச் சொன்னார்கள்

மூவரையும் தனித்தனியே ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். கணவர் எழுதியது: "பேச்சுச் சத்தம் இல்லாத ஒரு முழு நாள்." மனைவி எழுதியது: "நல்ல தூக்கம். கழிப்பறைக்குக் காத்திருக்காமல் போக வேண்டும்." தம்பி எழுதியது: "முன்னால் ஆள் இல்லாத பாதை. என் வேகத்தில் நடக்க வேண்டும்."

மூன்றும் வேறு வேறு. தம்பி கேட்டது பருவத்தையும் கிளம்பும் நேரத்தையும் பொறுத்தது. மனைவி கேட்டது எந்த ஊரில் தங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. கணவர் கேட்டதற்கு உபரியாக நாள் இருந்தால் போதும்.

விடுதிகளைப் பற்றி அவர்களுக்கு இருந்த கற்பனையை முதலில் கலைக்க வேண்டியிருந்தது. தேநீர் விடுதி என்ற பெயர் பழைய நாளின் மிச்சம். இன்று அது பத்துப் பன்னிரண்டு அறைகளும் ஒரு சாப்பாட்டுக் கூடமும் உள்ள லாட்ஜ். அறை வாடகை குறைவு, ஆனால் இரவும் காலையும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். கூடத்தின் நடுவில் ஒரு இரும்பு அடுப்பு, மாலையில்தான் மூட்டுவார்கள். அறைகளைப் பிரிப்பது ஒட்டுப்பலகை. பக்கத்து அறைக்காரர் புரண்டு படுத்தால் நம் கட்டில் அசையும். மனிதர்களே இல்லாத பள்ளத்தாக்கில் நம் தூக்கத்தைக் கெடுப்பது ஒரே ஒருவரின் குறட்டையாக இருக்கும். பொருட்கள் பட்டியலில் காதடைப்பானை முதலில் எழுதச் சொன்னேன், சிரித்தார்கள்.

இடமும் காலமும்

அன்னபூர்ணா பக்கத்துப் பாதைகளான பூன்ஹில், மார்டி இரண்டையும் கூட்டத்துக்காக ஒதுக்கினோம். சும் பள்ளத்தாக்கு எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் அது கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தனி அனுமதிக் கட்டணமும் கூடுதல் நாட்களும் வேண்டும். கடைசியில் லாங்டாங்கை எடுத்துக்கொண்டோம். காத்மண்டுவிலிருந்து ஜீப்பில் ஒரு பகலில் நடை தொடங்கும் ஸ்யாப்ரூபேசி போய்விடலாம், விமானம் வேண்டாம். அதைவிட முக்கியமான காரணம், பள்ளத்தாக்கின் மேல் கோடியான கியாஞ்சின் கோம்பாவிலிருந்து ஒரே பகலில் 3,000 மீட்டருக்குக் கீழே இறங்கிவிட முடியும். எவரெஸ்ட் பக்கம் பெரிச்சேயிலும் அன்னபூர்ணா பக்கம் மனாங்கிலும் பருவகாலத்தில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையங்கள் உண்டு. லாங்டாங்கில் அப்படி ஒன்று இல்லை. கூட்டம் போகாத இடத்துக்கு மருத்துவரும் போவதில்லை. அங்கே வைத்தியம் என்றால் இறங்குவதுதான்.

காலம் பற்றிக் கணவருக்கு ஒரு யோசனை இருந்தது: ஆகஸ்டில் மழை, யாரும் வரமாட்டார்கள், அப்போதே போனால் என்ன? மண்சரிவும் அட்டையும் ஒரு பக்கம் இருக்கட்டும். லாங்டாங் பள்ளத்தாக்கு இருக்கும் இதே தேசியப் பூங்காவுக்குள் 4,380 மீட்டர் உயரத்தில் கோசாய்குண்டம் ஏரி இருக்கிறது. பூணூல் மாற்றும் ஜனை பூர்ணிமாவன்று ஆயிரக்கணக்கான பக்தர்கள் அங்கே நீராடக் குவிவார்கள். நமக்கு ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமிதான். அதைச் சொன்னதும் அவரே விட்டுவிட்டார். நவம்பர் கடைசி வாரம் என்று முடிவாயிற்று. அக்டோபர் கூட்டம் வடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், குளிர் கடுமையாக இருக்கும். இந்தத் தேர்வில் ஒளிந்திருந்த சிக்கலை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

தாள்களும் மருந்தும்

தம்பி ஆதார் அட்டை போதும் என்று நினைத்திருந்தார். நேபாளத்துக்கு விமானத்தில் போகும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். அந்த வயதில் ஆதார் செல்லாது. பூங்கா நுழைவுக்கு, இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய், வரி தனி. மலைநடைப் பதிவு அட்டைக்கு 1,000. நம் நூறு ரூபாய்க்கு அங்கே நூற்று அறுபது. பாதையில் ஏடிஎம் கிடையாது என்பதால் மொத்தப் பணத்தையும் காத்மண்டுவிலேயே நேபாள நோட்டாக மாற்றிக்கொண்டோம். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவருக்கு வழிகாட்டி கட்டாயம் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் அறிவித்திருக்கிறது. அந்த விதி இல்லாவிட்டாலும் ஒருவரை வைத்திருப்போம். ஒரு வழிகாட்டி, இரண்டு சுமையாளர்கள் என்று பேசி முடித்தோம்.

மருத்துவர் ஒருவரை மூவரும் பார்த்தார்கள். மனைவியின் ரத்த அழுத்த மாத்திரையில் மாற்றமில்லை. உயரநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு எழுதித் தந்தார். கணவருக்கு சல்ஃபா மருந்து ஒவ்வாது என்பதால் அவருக்கு அது வேண்டாம் என்றார். தம்பிக்கும் எழுதித் தந்தார். அவர் மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாரே தவிர விழுங்கவில்லை. "தினமும் ஓடுகிறவனுக்கு இது எதற்கு?" என்றார். ஓட்டம் நுரையீரலுக்கு நல்லது; ஆனால் உயரநோய் உடற்பயிற்சியை மதிப்பதில்லை. வேகமாக ஏறிவிட்டால் திடமானவர்களுக்கும் வருகிறது. இதைச் சொன்னேன், அழுத்திச் சொல்லவில்லை.

கணவர் மருந்தில்லாமல் ஏற வேண்டியிருந்ததால் அட்டவணையை மெதுவாக்கினேன். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரம் ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவ நடைமுறை. எல்லாரும் தங்கும் லாமா ஹோட்டல் என்ற சிற்றூர், லாங்டாங் ஊர் ஆகியவற்றைத் தவிர்த்து, அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்தேன்: ரிம்சே (2,400 மீட்டருக்குச் சற்று மேல்), தாங்ஷ்யாப் (சுமார் 3,150), முண்டு (சுமார் 3,540), பிறகு கியாஞ்சினில் இரண்டு இரவு (சுமார் 3,870). கூட்டமும் குறையும், ஏற்றமும் சீராகும். தாளில் பார்க்க அழகான திட்டம். முடிந்தால் கோசாய்குண்டம் என்று ஒரு பின்னிணைப்பும் சேர்த்து, அதற்கு மூன்று நிபந்தனைகளைக் கோவையிலேயே எழுதி வைத்தோம்: உபரி நாள் செலவாகாமல் இருக்க வேண்டும், யாருக்கும் உயரநோய் வந்திருக்கக் கூடாது, மேலே விடுதி திறந்திருப்பதைத் தொலைபேசியில் உறுதி செய்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு நாட்கள்

ஸ்யாப்ரூபேசியில் அமைதியே இல்லை. சீன எல்லைக்குப் போகும் சாலை அது, லாரிகள் ஓயவில்லை. மறுநாள் மற்றக் குழுக்கள் ஏழு மணிக்குக் கிளம்பின. நாங்கள் ஒன்பதுக்குக் கிளம்பினோம். அந்த இரண்டு மணி நேர இடைவெளிக்குச் செலவு ஒன்றுமில்லை, பலனோ பெரிது. நாள் முழுதும் காட்டில் எதிரே வந்தவர்கள் மட்டும்தான். இருந்தாலும் பாதை நிசப்தமாக இல்லை. லாங்டாங் ஆறு கூடவே இரைந்துகொண்டு வந்தது. அந்த இரைச்சலைக் கணவர் சத்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

ரிம்சேயில் நாங்கள் நால்வரும் எங்கள் ஆட்களும் மட்டுமே. எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். திட்டம் பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தாங்ஷ்யாப்

மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு தாங்ஷ்யாப் சேர்ந்தோம். நாங்கள் தங்க நினைத்த விடுதியில் பூட்டு தொங்கியது. அடுத்ததிலும் அப்படியே. பருவம் முடிந்ததும் உரிமையாளர்கள் பிள்ளைகளைப் பார்க்கக் காத்மண்டு போய்விட்டதாக, ஆடு ஓட்டி வந்த ஒருவர் சொன்னார். யாரையும் குறை சொல்ல முடியாது. வழிகாட்டி முன்கூட்டி அழைத்துப் பார்த்திருக்கலாம். அவரை அழைக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். எந்தக் காரணத்துக்காக அந்தப் பருவத்தையும் அந்தச் சிற்றூரையும் தேர்ந்தெடுத்தேனோ, அதே காரணத்தால்தான் கதவு பூட்டியிருந்தது. வருகிறவர் இல்லாத ஊரில் அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள்?

இரண்டு வழிகள் இருந்தன. வந்த வழியே முக்கால் மணி நேரம் இறங்கினால் கோடாதபேலா, சுமார் 3,000 மீட்டர். வரும் வழியில் பார்த்தபோது அங்கே விடுதி திறந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் ஏறினால் லாங்டாங் ஊர், 3,430 மீட்டர். வழிகாட்டியின் உறவினர் விடுதி, அறை நிச்சயம். கணவரின் முழங்கால் இறக்கத்தை வெறுத்தது. தம்பி ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தார். ஏறிய உயரத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான். ஏறினோம்.

பெரும்பாலான நிறுவனங்கள் லாமா ஹோட்டலிலிருந்து லாங்டாங்குக்கு ஒரே நாளில் ஏற்றும் அட்டவணையைத்தான் தருகின்றன. ஆகவே நாங்கள் செய்தது விபரீதமல்ல. ஆனால் ரிம்சேயிலிருந்து கணக்கிட்டால் ஒரே நாளில் படுக்கும் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கூடிவிட்டது. அதைத் தவிர்க்கத்தானே அட்டவணையை மாற்றினேன்.

லாங்டாங்கில் இரண்டு இரவு

அன்று இரவு தம்பி பருப்புச் சோற்றில் பாதியை வைத்துவிட்டார். களைப்பு என்றார். இரண்டாம் முறை சோறு வாங்காமல் அவர் எழுந்தது அதுவரை நடந்ததில்லை. நான் கவனித்திருக்க வேண்டும். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு ஒட்டுப்பலகைச் சுவருக்கு அப்பால் சத்தம் கேட்டு அக்கா விழித்துக்கொண்டார்.

"என்னடா, வாந்தியா?"

"ஒன்றுமில்லை அக்கா, நீ தூங்கு."

அவர் தூங்கவில்லை, வந்து என் கதவைத் தட்டினார். மூன்று நாளாக அந்த மெல்லிய சுவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

தலைவலி மாலையிலேயே தொடங்கியிருக்கிறது; மறைத்திருக்கிறார். தலைவலி, குமட்டல், பசியின்மை: உயரநோய்தான் என்று வைத்துக்கொள்ளப் போதுமானவை. பார்க்க வேண்டியது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறதா என்பதை. முற்றத்தில் ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன், தடுமாறவில்லை. உட்கார்ந்திருக்கும்போது மூச்சிரைப்பு இல்லை, இருமல் இல்லை, பேச்சு தெளிவாக இருந்தது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவியின் எண்ணைப் பார்த்தேன், ஆனால் அதை வைத்து முடிவெடுக்கவில்லை. குளிர்ந்த விரலில் அது கண்டபடி காட்டும்.

எடுத்த முடிவு: மேலே ஓர் அடிகூடப் போவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தபடி அசிட்டசோலமைடும் வலிக்கு பாராசிட்டமாலும். பிற்பகல் ஒரு மணிக்குள் குறையாவிட்டால், அல்லது அதற்குள் சற்றேனும் கூடினால், உடனே கோடாதபேலாவுக்கு இறக்கம். இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்பதால்தான் ஒரு மணி. ஒரு சுமையாளர் அவருடைய மூட்டையைக் கட்டியே வைத்திருந்தார். "பார்க்கலாம்" என்று விட்டிருந்தால் மாலை ஐந்து மணிக்கும் பார்த்துக்கொண்டே இருந்திருப்போம். பதினொரு மணிக்குப் பூண்டு சூப் குடித்தார். ஒரு மணிக்கு வலி குறைந்திருந்தது. மாலையில் சோறு கேட்டார்.

அன்று மற்றவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில், மேலிருந்து சரிந்த பனியும் பாறையும் பழைய லாங்டாங் ஊரை மொத்தமாக மூடிவிட்டன. ஊர்க்காரர்களும் வந்திருந்தவர்களுமாக முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாறைக்குடையின் கீழ் இருந்த ஒரு வீடு மட்டும் நின்றது. இன்றைய ஊர் அதற்கு மேலே புதிதாகக் கட்டியது. இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவிடம் இருக்கிறது. கணவர் காலையில் அங்கே போனவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். பிறகு மந்திரம் செதுக்கிய கற்சுவர்களை வலப்பக்கம் விட்டு மெல்ல நடந்துவிட்டு மாலையில் திரும்பினார். யாரிடமும் அதிகம் பேசவில்லை.

கியாஞ்சினும் கைவிட்ட ஏரியும்

ஐந்தாம் நாள் காலை தம்பிக்கு அறிகுறி ஏதுமில்லை. முண்டுவில் தங்குவதை விட்டுவிட்டு நேரே கியாஞ்சின் போனோம். மூன்று மணி நேர நடை. படுக்கும் உயரம் 440 மீட்டர் கூடியது. 1950களில் சுவிஸ் உதவியோடு தொடங்கிய பாலாடைக்கட்டித் தொழிற்கூடம் அங்கே இருக்கிறது. சைவக்காரரான கணவர் இரண்டு நாளும் அந்தக் கட்டியையே தின்றார். ஊர் நினைத்ததைவிடப் பெரியது; மாடி மேல் மாடி. காலை ஏழு மணிக்கு ஹெலிகாப்டர் ஒன்று இறங்கியது. கூட்டமில்லாத பயணத்தின் உச்சி என்று நான் வரைந்து வைத்திருந்த இடம்தான் எங்கள் பாதையிலேயே அதிகச் சந்தடியான ஊராக இருந்தது. மறுநாள் ஆசிரியையும் நானும் ஊருக்கு மேலே உள்ள கியாஞ்சின் ரீ என்ற குன்றின் கீழ்ப் பார்வைமுனை வரை ஏறினோம். தம்பி பாதியில் நின்று, யாரும் சொல்லாமலே திரும்பினார்.

இறங்கும்போது கோசாய்குண்டப் பேச்சு வந்தது. தம்பி போகலாம் என்றார், தெம்பு திரும்பியிருந்தது. எழுதி வைத்த தாளை எடுத்தேன். முண்டுவில் தங்காததால் உபரி நாள் செலவாகவில்லை. ஆனால் உயரநோய் வந்துவிட்டது. மூன்றாவதற்கு வழிகாட்டி தொலைபேசியில் விசாரித்தார். ஏரிக்கரையில் ஒரு விடுதி திறந்திருக்கிறது, இரண்டு நாளாகப் பனி விழுகிறது என்று பதில் வந்தது. மூன்றில் ஒன்று தவறிவிட்டது, இன்னொன்று ஐயம். "தாள் சொல்கிறது, நான் சொல்லவில்லை" என்றார் அவருடைய அத்தான். வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மலைமேல் வைத்து முதன்முதலாக யோசித்திருந்தால் அரை நாள் ஓடியிருக்கும்.

மீதியிருந்த இரண்டு இரவுகளை துலோ ஸ்யாப்ருவில் கழித்தோம். மலை முகட்டில் நீண்டு கிடக்கும், தமாங் இனத்தவரின் ஊர், சுமார் 2,200 மீட்டர். மற்றவர்கள் நேரே ஸ்யாப்ரூபேசி இறங்கி ஜீப் பிடித்துவிடுவதால் விடுதியில் எங்களைத் தவிர யாருமில்லை. ஆசிரியை சமையலறையில் வீட்டுக்கார அம்மாவோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்; இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. காதடைப்பான் இல்லாமல் தூங்கிய இரண்டு இரவுகள் இவை மட்டும்தான் என்று பிறகு கணக்குச் சொன்னார்.

விளைவும், மாற்றிச் செய்வதும்

மூவரும் நலமாக ஊர் திரும்பினார்கள்.  கணவரிடம் அந்தப் பழைய தாளைக் காட்டி, நீங்கள் கேட்ட முழு நாள் கிடைத்ததா என்று கேட்டேன். லாங்டாங்கில் நின்றுபோன அந்த நாள்தான் என்றார். தம்பி அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி செய்தால், நவம்பர் நடுவுக்குப் பிறகு சிற்றூரில் தங்குவதாக இருந்தால் முதல் நாள் மாலையே வழிகாட்டி அந்த விடுதிக்குப் பேசி, அடுப்பு மூட்டச் சொல்ல வேண்டும். பேச முடியாவிட்டால் அந்த ஊர் அட்டவணையில் இல்லை என்று கொள்வேன். கதவு பூட்டியிருந்தால் இறங்குவது என்பதைக் கோசாய்குண்டத்துக்கு எழுதியதுபோலவே முன்கூட்டி எழுதி வைப்பேன். தாங்ஷ்யாப்பில் எங்களிடம் இல்லாதது அந்த ஒரு வரிதான். இரவுச் சாப்பாட்டின்போது தலைவலி உண்டா, பசி உண்டா என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பேன். ஓடுகிறவரை இரண்டு முறை கேட்பேன்.

இரண்டு இரவு தங்கும் ஊராகக் கியாஞ்சினை இனி வைக்கமாட்டேன். இதில் எல்லாரும் என்னோடு உடன்பட மாட்டார்கள். சிகரங்களை அவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு இடம் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

கணவர் அடுத்த நவம்பருக்கு இப்போதே கேட்டிருக்கிறார்: கியாஞ்சின் வேண்டாம், லாங்டாங்கில் நான்கு இரவு. தம்பியும் வருகிறாராம், முதல் நாளிலிருந்தே மாத்திரை போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தாங்ஷ்யாப் விடுதிக்காரரின் தொலைபேசி எண்ணைத் தேடித் தரும்படி வழிகாட்டிக்கு எழுதியிருக்கிறேன்.